நெகட்டிவ் இல்லாத ஒரு படம்

போன ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். கண்டியில் யாரோ பழைய கேமரா ஒன்றை விற்கிறார்களாம். படிப்புக்குத் தேவையாம். "நீங்க ஒருக்கா கூட வந்து பாத்துச் சொல்லுங்க அண்ணே, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து கண்டிக்குப் போக முடியாத அளவுக்கு அது இன்னும் முன்னேறவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பழைய டிஜிட்டல் கேமரா வாங்குவதில் ராகலை முதல் கொத்மலை வரைக்கும் என்னைவிட மோசமான ஆள் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் நான் முன்னோடி. நீங்கள் எல்லோரும் செல்போனிலேயே படம் பிடித்துப் பழகி இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். நான் நம் ஸ்டூடியோக் கடையை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. நான் போன பிறகு வியாபாரம் கூடியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். போகும்போது உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு கதை இருக்கிறது. அதை இப்போது எழுதித் தருகிறேன். கேமரா வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நுவரெலியா டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளி கை சுத்தமானவர், வாய் அவ்வளவு சுத்தம் கிடையாது. அவருடைய முதல் சட்டம், ஆளுக்கு ஒரு கிளிக். அடையாள அட்டைப் படமோ சடங்கு வீடோ, ஒரு தரம்தான் அமுக்கலாம். இரண்டாவது தரம் விரல் போனால், "ஒங்கப்பன் பிலிம் தோட்டம் வச்சிருக்கானாடா?" என்று ஆட்கள் முன்னாலேயே கேட்பார். இரண்டாவது சட்டம், நெகட்டிவைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்வது. பிரிண்டை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம், கிழிக்கலாம், நெகட்டிவ் பெட்டியில் இருக்கும்வரை ஒன்றும் கெட்டுப்போகாது. இந்தச் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை அளவுக்கு மிஞ்சி ஞாபகம் வைத்ததில்தான் பிறகு தவறு நடந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள் முதலாளி கடைக்குள் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாரம் அதற்கு ஊதுபத்தி மட்டும் காட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கண்டியில டிஜிட்டல் படிப்பிக்கிறாங்களாம். ஞாயித்துக்கிழம கிளாஸ். நீ போ. எனக்கு வயசாயிருச்சு."

"எனக்கும் முப்பத்தெட்டு ஆகுதுங்க முதலாளி."

"அப்ப ஒனக்குப் புத்தி வர இன்னும் டைம் இருக்கு. போ."

முதல் நாள் வகுப்புக்குள் நான் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றார்கள். என்னை ஆசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். நானும் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டேன். உண்மையான ஆசிரியர் வரும்வரை ஐந்து நிமிடம் மரியாதையாக வாழ்ந்தேன். அவர் ஒரு சிங்களப் பெரியவர், மெதுவாகப் பேசுவார். அன்றைக்கு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அடுத்த மாதத்துக்குள் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேமரா வைத்திருக்க வேண்டும். இரண்டு, நல்ல படம் வேண்டுமென்றால் அவசரப்படாமல் வெளிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பத்து வருடமாக ஸ்டூடியோ பல்பைத் தவிர வேறு வெளிச்சத்தைக் கவனிக்காத எனக்கு இரண்டாவது விஷயம் வேதவாக்காக இருந்தது.

புதுக் கேமராவை அந்தக் காலத்தில் நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். விசாரித்ததில் கண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்த யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் ஒருவர் அகப்பட்டார். மகன் வெளிநாட்டிலிருந்து வேறொன்று அனுப்பியிருந்ததால் பழையதை விற்க நினைத்திருந்தார்.

"வாங்கோ தம்பி, இருங்கோ. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு ஆறுதலாப் பாருங்கோ," என்றார்.

எனக்குத் தெரிந்த பரிசோதனை எல்லாவற்றையும் செய்தேன். லென்சைப் பல்பில் பிடித்துப் பார்த்தேன். நம் மலையில் லென்சுக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் மூக்கில் வைத்து மோந்தேன். பிலிம் போடும் கதவைத் தேடி நகத்தால் பின்பக்கத்தை நெம்பினேன். அவர் பதறிப்போய்க் கையைப் பிடித்தார். கடைசியாகக் காதில் வைத்து அமுக்கிக் கேட்டேன்.

"ஷட்டர் சத்தம் ரொம்ப சுத்தமா இருக்குங்க சேர்."

"அது ஷட்டர் இல்லைத் தம்பி. உள்ளுக்குப் பதிஞ்சு வச்ச சத்தம். விருப்பமெண்டால் குருவிச் சத்தமும் வைக்கலாம்."

வைத்தார். அமுக்கினேன். குருவி கத்தியது. அந்த நிமிடமே அதை வாங்கிவிட்டேன். பத்து வருட அனுபவமுள்ள புகைப்படக்காரன் குருவிக்காகக் கேமரா வாங்கிய கதையை வெளியில் சொல்லாதீர்கள்.

வாசல் வரைக்கும் வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒண்டு சொல்லோணும் தம்பி. பற்றரி பழசு. இஞ்சை வீட்டுக்குள்ள நல்லாத்தான் நிக்குது. ஆனால் நான் இதை ஒருநாளும் உங்கடை குளிருக்குக் கொண்டு போகேல்லை."

"குளிருச்சுன்னா சுவெட்டர் போட்டு விட்டுறேன் சேர்," என்றேன்.

அவர் மரியாதைக்குச் சிரித்தார். பழைய சாமானை விற்கிற ஒருவர், கேட்காமலே ஒரு குறையைச் சொன்னால் நின்று கேளுங்கள். அந்தச் சாமானைப் பற்றி உங்களுக்குத் தெரியவேண்டிய செய்தி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் குருவி.

அப்போது நாங்கள் ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். சுவரை ஒட்டிய அடுத்த காம்பிரா மகேஸ்வரியுடையது. புருஷன் சிவலிங்கம் தேயிலை பெக்டரியில் வேலை. அதிகம் பேசமாட்டான், பேசினால் யோசிக்காமல் பேசுவான். அவர்களுக்கு இரண்டரை வயதில் ஒரு மகள், தர்ஷினி. லயமே அவளைப் பாப்பா என்று கூப்பிட்டதால் அவளும் தன்னைப் பாப்பா என்றுதான் சொல்லிக்கொள்வாள். மகேஸ்வரிக்கு வெளிநாட்டில் வீட்டு வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். நான் கேமரா வாங்கிய அதே வாரம் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போக வேன் வருவதாக இருந்தது.

போவதற்கு முதல் நாள் காலை, நான் கடைக்குப் புறப்படும்போது வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நாளைக்கு வேன் வர்றதுக்கு முன்ன பாப்பாவ மடியில வச்சு ஒரு படம் எடுத்துத் தாங்க. கையோட கொண்டு போக முடியாட்டியும் பரவாயில்ல, பின்னால அனுப்புங்க. ரெண்டு வருசத்துல அவ மூஞ்சி மாறிரும். என் மூஞ்சி அவளுக்கு மறந்துரும்."

"ஒரு படமா? இப்ப நம்மகிட்ட டிஜிட்டல் இருக்கு மகேஸ். நூறு எடுக்கிறேன்!"

"நூறெல்லாம் வேணாண்ணே. ஒண்ணு போதும்."

அன்று பின்னேரம் கடையை விட்டுப் புறப்படும்போது முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பழைய பிலிம் கேமராவை எடுத்து நீட்டினார். "இதையும் கொண்டு போ. பத்து பிரேம் பாக்கி கெடக்கு." நான் வாங்கவில்லை. "அந்தக் கெழட்டுப் பெட்டி இனி எதுக்குங்க முதலாளி?" என்று கேட்டேன். பத்து வருடம் எனக்குச் சோறு போட்ட பெட்டி அது. அவர் அதைத் துடைத்து அலுமாரியில் வைத்தார். வாய் சுத்தமில்லாத மனிதர் பேசாமல் இருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விடிந்தபோது லயம் முழுக்கப் பனி. எதிர்ப் பக்கத்துத் தேயிலை மலையே இல்லை, வெள்ளையடித்துவிட்ட மாதிரி இருந்தது. மகேஸ்வரி குளித்து, சேலை கட்டி, பையை வாசலில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாப்பா, சிவப்புச் சுவெட்டரோடு.

"எடுத்துரலாமா அண்ணே?"

நான் கண்டி ஆசிரியரைப் போலவே தலையைச் சாய்த்து வானத்தைப் பார்த்தேன். "பொறு மகேஸ். இந்த வெளிச்சம் சரியில்ல. பனி வெலகட்டும். ஒனக்குக் கடைசியா, நல்லா எடுக்கிறேன்."

"வேன் எட்டு மணிக்கு வந்துருமே."

"அதுக்குள்ள வெலகிரும்."

அவள் நம்பினாள். பத்து வருடமாகப் படம் பிடிக்கிறவன் சொல்கிறான், அவள் ஏன் நம்பாமல் இருக்கவேண்டும்?

காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது எனக்குத் தெரியாத ஒரே வேலை. பல் துலக்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுத் தாத்தாவை ஒரு கிளிக் அடித்தேன். குருவி கத்தியது. திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"அட, கழுவாமலே வந்துருச்சா?" என்று அவர் வாயில் நுரையோடு கேட்டார்.

அவ்வளவுதான். லயம் கூடிவிட்டது. பெரட்டுக்குப் போகவேண்டிய பெண்கள் கூடையோடு நின்றார்கள். வேலைக்கு ஆள் எண்ணும் இடத்தில் கங்காணி கத்துவது கேட்டது, யாரும் அசையவில்லை. ஒவ்வொருவரையும் எடுத்தேன். ஒவ்வொருவருக்கும் திரையைக் காட்டினேன். பெரிதாக்கிக் காட்டினேன். "ஐயோ, என் பல்லு இவ்வளவு மஞ்சளா?" என்று ஒருத்தி கத்தினாள். "கண்ணாடி பாத்தா தெரியாதா, இதுக்கு வெளிநாட்டுக் கேமரா வேணுமா?" என்று இன்னொருத்தி கேட்டாள். சிரிப்பு. "எனக்கு இன்னொருக்கா காட்டுங்க," "எங்கம்மாவுக்குக் காட்டுங்க." காட்டினேன், காட்டினேன், காட்டிக்கொண்டே இருந்தேன். அந்தத் திரை பற்றரியைக் குடிக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். குறிப்புக் கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன். கொப்பி வீட்டுக்குள் இருந்தது.

இதில் பாப்பாவுக்கு ஒரு விளையாட்டுப் பிடிபட்டுவிட்டது. குருவி கத்தியதும் எல்லோரும் கேமராவிடம் ஓடுகிறார்கள் அல்லவா? அவளும் அம்மா மடியிலிருந்து சறுக்கி இறங்கி ஓடி வருவாள். என் காற்சட்டையைப் பிடித்து இழுத்து, "பாப்பாக்கு, பாப்பாக்கு," என்பாள். நான் குனிந்து காட்டுவேன். மகேஸ்வரி வந்து தூக்கிப்போய் மறுபடி மடியில் வைத்துக்கொள்வாள். சிரித்துக்கொண்டுதான் செய்தாள். அவளுக்கு அன்றைக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஏழரைக்கு மேல் பனி விலகியது. ஆசிரியர் சொன்னது பொய்யில்லை. மலை முழுக்க ஈரம் மினுங்க, வாசற்படியில் அவள் முகத்தில் பக்கவாட்டாக ஒரு வெளிச்சம் விழுந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

"இப்ப சரி. பாப்பாவ நல்லாப் புடிச்சுக்க மகேஸ்," என்று கேமராவை உயர்த்தினேன். லென்ஸ் வெளியே வந்தது. ஆமை தலையை இழுப்பதுபோல உள்ளே போனது. திரை கறுத்தது.

மறுபடி போட்டேன். தலை நீட்டவேயில்லை.

பற்றரியைக் கழற்றி உள்ளங்கையில் தேய்த்தேன், சட்டைக்குள் விட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். குளிரில் செத்த பற்றரி சூடு பட்டால் கொஞ்சம் உயிர் பிழைக்கும், அதையும் வகுப்பில்தான் சொன்னார்கள். ஒரு கையைத் தூக்காமல் நின்ற என்னைப் பார்த்து, "அண்ணே, அடுப்புல கொஞ்சம் காட்டுவமா?" என்று சிவலிங்கம் கேட்டான்.

"வெடிச்சிரும் சிவா."

"அப்ப சாமி வௌக்குல?"

யாரும் சிரிக்கவில்லை. கீழே ரோட்டில் வேன் ஹோர்ன் அடித்தது. மகேஸ்வரி பாப்பாவின் தலையைத் தடவித் தடவிச் சீவிக்கொண்டிருந்தாள், சீப்பு இல்லாமல், வெறும் விரலால்.

இரண்டாவது ஹோர்னுக்குப் பற்றரியை எடுத்து மாட்டினேன். லென்ஸ் வந்தது. ஒரு கிளிக்குக்குத்தான் உயிர் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அமுக்கினேன். சத்தம் முந்தி வர, படம் ஒரு நொடி பிந்திப் பதிகிற மலிவுக் கேமரா அது. குருவி கத்தியது. பாப்பா மடியிலிருந்து சறுக்கி இறங்கி ஓடிவந்தாள். அதற்குப் பிறகுதான் படம் பதிந்தது.

திரையில் அது இரண்டு விநாடி நின்றது. படியில் மகேஸ்வரி. மடி காலி. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஓடுகிற பிள்ளையைப் பிடிக்கக் குனிந்து, வாய் நிறையச் சிரிக்கிறாள். படத்தின் கீழ் ஓரத்தில் சிவப்பாக ஒரு கலங்கல், அதற்கு மேலே கொஞ்சம் தலைமயிர். பிறகு எல்லாம் கறுப்பு.

பாப்பா என் காற்சட்டையை இழுத்தாள். வேறு வழியில்லாமல் குனிந்து காட்டினேன். கறுத்த திரையில் அவள் முகம் நிழலாகத் தெரிந்தது. "பாப்பா!" என்று கைதட்டினாள்.

"வந்துருச்சா அண்ணே?" என்று மகேஸ்வரி பையைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்.

"வந்துருச்சு," என்றேன்.

"அனுப்பிருங்க, என்ன? மறந்துறாதீங்க."

வேன் போய்விட்டது.

அந்தப் படத்தைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு ஒருவருக்கும் காட்டவில்லை. பிரிண்டும் போடவில்லை. மகேஸ்வரி கேட்டது பிள்ளையோடு ஒரு படம். இதில் பிள்ளை இல்லை, ஒரு சிவப்புக் கலங்கல்தான் இருந்தது. வெட்கத்தில், பாப்பாவைக் கடைக்குக் கொண்டுவரச் செய்து முதலாளி கையாலேயே அழகாக ஒரு படம் எடுத்து அனுப்பினோம். பதில் கடிதத்தைச் சிவலிங்கம் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். "பாப்பா படம் கிடைத்தது. ராத்திரி தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன். நாங்க ரெண்டு பேரும் இருக்கிற படத்தை அண்ணன் இன்னும் அனுப்பலையே. கேட்டதாகச் சொல்லுங்க."

கம்ப்யூட்டரில் இரண்டு படத்தை ஒட்டும் வித்தையை இரண்டாம் வருட வகுப்பில் சொல்லித் தருவார்கள், கற்றுக்கொண்டு பாப்பாவை மடியில் உட்காரவைத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த கடிதத்திலும் கேட்டிருந்தாள். அதற்கடுத்ததில் கேட்கவில்லை.

ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது செய்தி வந்தது. நெஞ்சு நின்றுவிட்டதாகக் காகிதத்தில் எழுதியிருந்தது. அதற்கு மேல் எங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உடலை வைத்த பெட்டி வந்து சேரப் பல வாரமானது. திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பெட்டி வருகிற அன்று காலை சிவலிங்கம் கடைக்கு வந்தான். கையில் கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும். கல்யாணப் படத்தில் அவள் தலை குனிந்திருந்தாள். பாஸ்போர்ட் படத்தில் போலீஸில் பிடிபட்டவள் மாதிரி இருந்தாள்.

"இது ரெண்டும் அவ இல்லண்ணே. பெட்டியத் தொறக்க முடியாது. வர்றவங்க பாக்கப்போற மூஞ்சி போட்டோவுல இருக்கிறது மட்டுந்தான். அன்னைக்கு நீங்க ஒண்ணு எடுத்தீங்கள்ல?"

மத்தியானத்துக்குள் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். படத்தைத் திறந்தேன். மாலை போடுகிற படத்தில் முகமும் தோளும்தான் இருக்கவேண்டும், கையை நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது, அது தொழில் வழக்கம். முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டேன். வெட்டினேன். கைகள் போயின, மடி போனது, படி போனது, கீழ் ஓரத்துச் சிவப்பும் போனது. சேவ் என்று அமுக்கினேன். கம்ப்யூட்டர் இங்கிலீஷில் என்னவோ கேட்டது. அது எது கேட்டாலும் யெஸ் என்பது என் வழக்கம். யெஸ் என்றேன்.

பத்து வருடமாக நான் வெட்டியதெல்லாம் பிரிண்ட். நெகட்டிவ் பெட்டியில் இருக்கும். அன்றைக்கு என் கையால் நெகட்டிவை வெட்டினேன், அது எனக்குத் தெரியவேயில்லை. டிஜிட்டலிலேயே பிறந்த பிள்ளைகள் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்கமாட்டார்கள். பிலிம் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தார்கள். "உசுரோட இருக்கிற மாதிரியே இருக்கு. நல்லா எடுத்திருக்கீங்க," என்று ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். என் தொழிலில் அவ்வளவு பாராட்டு ஒரே நாளில் எனக்குக் கிடைத்ததில்லை. பாப்பா சிவப்புச் சுவெட்டர் சின்னதாகிப்போய் வேறு எதையோ போட்டுக்கொண்டு அப்பாவின் காலைப் பிடித்தபடி நின்றாள்.

ஒரு மாதம் கழித்து, படம் ஒட்டும் பாடம் வந்தது. வீட்டுப்பாடமாக அந்தப் படத்தையே செய்யலாம் என்று கடையில் திறந்தபோதுதான் கண்டுபிடித்தேன். முகமும் தோளும். அவ்வளவுதான் இருந்தது. கேமராவின் கார்ட்டில் தேடினேன். அடுத்தடுத்த வகுப்புக்காக அதைப் பலதரம் முழுக்க அழித்திருந்தேன். முதலாளியிடம் மட்டும் சொன்னேன். வழக்கமாக ஏசுகிறவர் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "வேற யாருகிட்டயும் சொல்லிறாத," என்றார். அது ஒன்றில்தான் அவர் எனக்குத் தவறாக வழிகாட்டினார். நானும் பதினாறு வருடம் சொல்லவில்லை.

கடையில் என்னுடைய கடைசி வருடம் ஒரு நாள் பகல், தர்ஷினி வந்தாள். வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் எடுக்கவேண்டும் என்றாள். எடுத்தேன். போகாமல் நின்றாள்.

"மாமா, அம்மா போற அன்னைக்கு நீங்க ஒரு படம் எடுத்தீங்களாம்ல, அம்மாவும் நானும். அப்பா சொன்னாரு."

"வீட்டுல மாட்டியிருக்கே, அதுதான்."

"அதுல நான் இல்லையே." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அந்தப் படத்துல அம்மா என்னப் பாக்கவே மாட்டாங்க மாமா. சின்னதுலேருந்து நான் எங்க நின்னு பாத்தாலும் கீழ எதையோ பாத்துச் சிரிச்சிக்கிட்டே இருப்பாங்க. எதப் பாத்தாங்க?"

இப்போது நான் என்ன செய்திருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். இறந்துபோன அப்பாவைக் கல்யாண மேடையில் நிற்க வைக்கிற வேலையை நாம் வாரம் தவறாமல் செய்கிறோம். பாப்பாவின் பழைய ஸ்டூடியோப் படம் இருந்தது. அம்மாவின் முகம் இருந்தது. அரை மணி நேரம் போதும், மடியில் உட்காரவைத்துக் கொடுத்திருப்பேன், அவளும் சந்தோஷமாக வாங்கிப்போயிருப்பாள். "நாளைக்கு வா, தேடிப் பாக்கிறேன்" என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். முப்பது வருடத் தொழிலில் நான் தவறில்லாமல் செய்த ஒரு காரியம் உண்டென்றால், அன்றைக்கு அந்த வாயை மூடியதுதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். குருவி, பல் மஞ்சளானவள், கக்கம், கறுத்த திரை, வெட்டியது, யெஸ் சொன்னது. கடைசியில், "அம்மா பாத்தது ஒன்னத்தான்மா. நீ கீழ ஓடி வந்துக்கிட்டிருந்த," என்றேன்.

அவள் முகம் மாறியது. நான் பயந்த கேள்வி வந்தது.

"அப்ப நான்தான் அம்மா மடியிலேருந்து ஓடிட்டேனா?"

"இல்ல. நான் ஓட வச்சேன். காலையிலேருந்து எல்லாரையும் ஓடி வந்து பாக்க வச்சது நான். ஒன்னய அம்மா கேட்ட நேரத்துல எடுத்திருந்தா நீ மடியிலதான் இருந்திருப்ப. அது என் தப்பு, அதுல ஒனக்குப் பங்கே கெடையாது."

பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். பிறகு, "கையை எப்படி வச்சிருந்தாங்க?" என்று கேட்டாள்.

படம் எடுக்க ஆட்களை உட்காரவைக்கிற அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். முன்னால் குனிந்து, இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன்.

"இன்னொருக்கா காட்டுங்க மாமா."

காட்டினேன்.

உங்களில் ஒருவர் அன்றைக்குக் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்தீர்கள். அந்தப் பிள்ளை போன பிறகு, "என்ன அண்ணே, ஸ்டூல்ல ஒக்காந்து கைய நீட்டி நீட்டிக் காட்டினீங்க?" என்று கேட்டீர்கள். முழங்காலுக்கு எக்சர்சைஸ் என்று சொன்னேன். முழங்காலுக்குக் கையை ஏன் நீட்டவேண்டும் என்று நீங்களும் கேட்கவில்லை, மரியாதைக்காரப் பிள்ளைகள்.

கேமரா வாங்க நான் வருகிறேன். ஆனால் கண்டியில் வைத்துப் பார்க்கமாட்டேன். விற்கிறவரை விடியற்காலையில் நுவரெலியாவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், பனிக்குள் நின்று பார்ப்போம். வாங்கிய பிறகு ஊரில் யாராவது, பிள்ளையை மடியில் வைத்து ஒரு படம் எடுங்கள் என்று கேட்டால், வானத்தைப் பார்க்காதீர்கள். எடுத்துவிடுங்கள். திரையைப் பிறகு காட்டலாம்.